ஆபிரிக்காவில் ஆக்கள் இல்லையோ?

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட ஆசிரியர் என்பவர், கிழமை முழுவதும் வேறு எங்கேயோ முறிந்து வேலை செய்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒரு காலையையும் அடுத்தவர் பிள்ளைகளின் கொட்டாவியைப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கி வைத்திருப்பவர். நான் சுவிஸில், ஓர்லிகோனில் இந்த வேலையைப் பதினாலு வருடமாகச் செய்கிறேன். மற்ற நாட்களில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் நிற்கிறேன். அங்கே சூப்பில் உப்புக் குறைந்தால் சொல்வார்கள். இங்கே என்ன குறைந்தாலும் பெற்றோர் சொல்வார்கள். உங்களில் யாராவது இதே பிழைப்புக்காரராக இருந்தால், நான் எழுதப்போவதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும். மற்றப் பாதி போன பள்ளி ஆண்டில், நாலாம் வகுப்பில், ஒரே ஒரு பாடத்துக்காக நான் மல்லுக்கட்டிய கதை.

எந்தப் பங்கு?

ஆவணியில் புது வகுப்புக்குப் பெயர்ப் பட்டியல் வரும். அதில் 'அபினா இம்மானுவேல்' என்று ஒரு பெயர் இருந்தது. நான் மன்னார்க் கத்தோலிக்கப் பெண். இம்மானுவேல் என்பதைக் கண்டதும், ஆகா, எங்கள் பக்கத்து ஆட்கள் என்று ஒரு சந்தோசம். எங்கள் சனத்தின் பழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. புது ஆளைக் கண்டால் சுகம் கேட்கும் முன் ஊரைக் கேட்போம், ஊர் தெரிந்தால் எந்தக் கோயிலின் பங்கு என்று கேட்போம், கோயில் தெரிந்தால் சொந்தம் பிடித்துவிட்டுத்தான் ஓய்வோம்.

முதல் நாள் வாசலில் பிள்ளையோடு தாய் நின்றாள். பெயர் சுகந்தி, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பராமரிக்கும் வேலை. நான் பட்டியலை மடித்துக்கொண்டு, "நீங்கள் மன்னாரில எந்தப் பங்கு?" என்றேன். அவள் சிரித்தாள். "நான் மட்டக்களப்பு ரீச்சர், சைவம். பங்கை அவரிட்டைக் கேளுங்கோ" என்றாள். பஸ் சாரதியின் சீருடையில் உயரமான ஒரு கறுப்பின மனிதர் படியேறி வந்துகொண்டிருந்தார். அவள் கணவர் இம்மானுவேல், கானா நாட்டவர். அபினா என்பது அவர்கள் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை பிறந்த பெண்பிள்ளைக்கு வைக்கிற பெயர் என்று பிறகுதான் அறிந்தேன். கேட்ட கேள்வியை நான் விழுங்கப் பார்த்தேன். சுகந்தி விடவில்லை, அதை அவருக்கு ஜெர்மனில் சொல்லிவிட்டாள். அவர் கொஞ்சம் யோசித்து, தமிழிலேயே பதில் சொன்னார்: "ஊர் குமாசி. மட்டக்களப்புக்கு மருமகன்."

இரவல் வகுப்பறை

எங்களுக்குச் சொந்த அறை கிடையாது. சுவிஸ் பள்ளிக்கூடத்தின் அறையைச் சனிக்கிழமை மட்டும் இரவல் வாங்குகிறோம். உள்ளே போனதும் முதல் வேலை கைத்தொலைபேசியில் அறையைப் படம் பிடிப்பது. வகுப்பு முடிந்ததும் படத்தைப் பார்த்துப் பார்த்து நாற்காலிகளைப் பழைய இடத்தில் வைப்போம். ஒரு கதிரை கோணலாக நின்றாலும், அடுத்த சனிக்கிழமை கதவில் அறைக்கு உரிய ஆசிரியை ஃபிராவ் கெல்லரின் கடிதம் ஒட்டியிருக்கும். நான் அவரை நேரில் கண்டதில்லை. அவருடைய கையெழுத்தை மட்டும் என் பிள்ளையின் கையெழுத்தைப் போல அறிவேன்.

அந்த அறையில் ஒரு பெரிய உலகப்படம் தொங்கியது. ஐரோப்பாவில் தேவாலயம், ரயில், சீஸ் வெட்டும் மனிதர். சீனாவில் வயலில் பெண்கள். ஆபிரிக்காவில் யானை, ஒட்டகச்சிவிங்கி, சிங்கம், ஒரு முதலை. பதினாலு வருடமாக அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படிப்பித்திருக்கிறேன். ஒருநாளும் என் கண்ணில் அது படவில்லை. அபினா மூன்றாவது சனிக்கிழமையே கையை உயர்த்தினாள். நான் இலக்கணத்தில் சந்தேகம் என்று நினைத்தேன். அவள் கேட்டது இது: "ரீச்சர், ஆபிரிக்காவில ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

பிடிக்கிற ஆள்

அந்தக் கேள்விக்கு நான் அன்று சொன்ன பதிலை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "இது எங்கட அறை இல்லை பிள்ளை, படத்தைத் தொடக்கூடாது" என்று சொன்னேன். அவள் தொடவா கேட்டாள்?

அன்றைக்கே இடைவேளையில் முற்றத்துக்குப் போனேன். பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். சுவிஸ் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி வகுப்பில் தலைமுறை தலைமுறையாக விளையாடும் விளையாட்டுத்தான். ஒருவர் எதிர்ப்பக்கத்தில் நின்று, கறுத்த மனிதனுக்குப் பயப்படுவது யார் என்று ஜெர்மனில் கத்த வேண்டும். மற்றவர்கள் ஒருவரும் இல்லை என்று கத்திக்கொண்டு ஓட, அவர் பிடிக்க வேண்டும். மூன்று தரமும் அபினாதான் எதிர்ப்பக்கத்தில் நின்றாள். நான் ஆரூரனைக் கூப்பிட்டேன். வகுப்பில் நல்ல பெடியன், எல்லாரையும் விட ஒரு சாயல் கறுப்பு, அபினாவையும் விட. ஏன் அவளே எந்த நாளும் பிடிக்கிறாள் என்று கேட்டேன். அவனிடம் துளி வஞ்சகம் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "அவதான் பொருத்தம், ரீச்சர்."

நான் எழுதிய முதல் கடிதம்

அன்று வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிய பிறகு, ஒரு தாளை எடுத்து ஃபிராவ் கெல்லருக்கு எழுதினேன். பதினாலு வருடத்தில் அவர் எனக்கு எழுதியிருக்கிறார், நான் அவருக்கு எழுதியதில்லை. என் ஜெர்மன் சமையலறை ஜெர்மன். மரக்கறி, சுத்தம், ஒவ்வாமை எல்லாம் வரும், உலகப்படம் வராது. மூன்று தரம் கிழித்துப் போட்டு நாலாவதில் இரண்டே வரி எழுதினேன். உங்கள் படத்தில் ஆபிரிக்காவில் மனிதர்கள் இல்லை, என் வகுப்பில் ஒரு பிள்ளை அவர்களைத் தேடுகிறாள் என்று. அதை அவருடைய மேசையில் ஒட்டிவிட்டு, அறையைப் பறித்துவிடுவார்களோ என்று ஒரு கிழமை முழுவதும் பயந்துகொண்டு திரிந்தேன்.

அடுத்த சனிக்கிழமை கதவில் கடிதம் இல்லை. உள்ளே அதை எழுதும் மனுசியே இருந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும், சின்ன உருவம். படத்தைக் கழற்றிச் சுருட்டி மேசையில் வைத்திருந்தார். இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை என்றார். புதுப் படத்தைத் தன் வகுப்புப் பிள்ளைகளே கீறுவார்கள், நகரங்களும் ஆட்களும் இருக்கும் என்றார். பிறகு கதை அடிமை வணிகத்துக்குப் போனது. ஆபிரிக்காவில் ஆட்களை வாங்கக் கொடுத்த துணிகளில் இந்த நாட்டில் அச்சடித்த துணிகளும் இருந்தன என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்கள் புத்தகத்தில் இது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "எங்கள் வகுப்பில் அது எப்போதும் அமெரிக்காவில்தான் நடக்கும். அதில் நாங்கள் எங்கே வருகிறோம் என்று எனக்கும் ஒருவரும் சொல்லித் தரவில்லை."

பலகையில் எழுதிய சொல்

அவர் தன் பக்கத்தைச் சரி செய்ய இறங்கிவிட்டார். என் பக்கம்? எங்கள் நாலாம் வகுப்புப் புத்தகத்தில் போர்த்துக்கேயர் வருவார்கள், ஒல்லாந்தர் வருவார்கள், ஆங்கிலேயர் வருவார்கள். அவர்கள் கப்பலில் கொண்டு வந்த ஆபிரிக்கர்கள் வரமாட்டார்கள். சிலரை அடிமைகளாகக் கொண்டு வந்தார்கள், சிலரைப் படையாட்களாக. அந்த ஆபிரிக்கர்கள் கோட்டை கட்டினார்கள், அடுத்தவன் சண்டையைப் பிடித்தார்கள், அங்கேயே தங்கிப்போனார்கள். அவர்களுடைய பரம்பரை புத்தளம் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. நாங்கள் கல்யாணத்துக்குக் கல்யாணம் போட்டு ஆடும் பைலாவில் அவர்களுடைய தாளம் இருக்கிறது. இதை நான் படிப்பிப்பேன் என்று முடிவெடுத்தேன். இரண்டு கிழமை வாசித்துக் குறிப்பெடுத்தேன்.

பெருமையோடு போய்ப் பலகையில் தலைப்பைப் பெரிதாக எழுதினேன்: 'இலங்கைக் காப்பிலிகள்.' எனக்குத் தெரிந்த சொல் அதுதான். பிறந்தது முதல் கேட்ட சொல். சுருட்டை முடிக்கும் சொல்வோம், கோபத்திலும் சொல்வோம், கேலிக்கும் சொல்வோம். புத்தளத்து மக்களில் சிலர் அதை ஒத்த சொல்லைத் தங்களுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள், அது அவர்கள் உரிமை. எங்கள் வாயில் அது வசை. அதை எழுதும்போது என் கைக்கு அது தெரியவில்லை. பிள்ளைகள் கொப்பியில் பார்த்து எழுதினார்கள். ஆரூரன் சிரித்தான், இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். அபினா எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "லாங்கன்தாலில இருக்கிற மாமாவும் அப்பாவை இதுதான் சொல்லுறவர், ரீச்சர். அப்பா இல்லாத நேரம்."

சுகந்தியின் கேள்வி

அடுத்த சனிக்கிழமை அபினா வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. நான் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்கும் ஆள் இல்லை. சுகந்தியின் வேலை முடியும் நேரத்தைக் கேட்டு, ஓர்லிகோன் ஸ்டேஷனில் போய் நின்றேன். அவளைக் கண்டதும், "நான் பிழை விட்டிட்டன்" என்று மட்டும் சொன்னேன். அழுகை வந்தது, அதையும் மறைக்கவில்லை.

அவள் என்னைத் தேற்றவில்லை. அதற்காக இன்றும் அவளை மதிக்கிறேன். தன் அண்ணன் லாங்கன்தாலில் பட்டறை வேலை, பிள்ளை மேல் உயிர், ஆனால் வாய் அப்படி என்றாள். கல்யாணம் கட்டிப் பன்னிரண்டு வருடமாக அந்தச் சொல்லை விழுங்கி விழுங்கியே காலம் போகிறது என்றாள். பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதே தமிழில் வேறு சொற்களும் இருக்கின்றன என்று அவள் அறியட்டும் என்றுதானாம். எனக்கு நிலம் பிளக்காதா என்று இருந்தது. அந்தப் பாடத்தைத் திருப்பி, ஒழுங்காகப் படிப்பிக்கிறேன் என்று சொன்னேன். சுகந்தி ரயில் வரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "பரீட்சைக்கு வருமோ? வராட்டி எங்கட சனம் படிக்காது, ரீச்சர். மறுகா நீங்கள் பலகையில எழுதின அந்தச் சொல் மட்டும்தான் பிள்ளையளுக்கு மிஞ்சும்."

பைலாவும் நிர்வாகமும்

நியாயம். எங்கள் வீடுகளில் எதையும் இரண்டாகத்தான் பிரிப்பார்கள்: பரீட்சைக்கு வருவது, பரீட்சைக்கு வராதது. ஆகவே நிர்வாகக் கூட்டத்தில் போய் இருந்தேன். பொறுப்பாளர் தவராசா அண்ணை பொல்லாதவர் இல்லை, பயந்தவர். எந்தப் புது விசயத்தைக் கேட்டாலும் முதலில் தேத்தண்ணீர் ஊற்றுவார். அன்று மூன்று கோப்பை ஊற்றினார். பொதுத் தேர்வு வினாத்தாள் வெளியில் இருந்து வருவது, அதில் கை வைக்க முடியாது என்றார். அப்படியென்றால் தைமாதத் தவணைத் தேர்வு என்றேன். அது வகுப்பாசிரியர் தயாரிப்பது. பெற்றோர் குழம்புவார்கள் என்றார். குழம்பட்டும் என்றேன். "பிள்ளையள் எங்கட சரித்திரத்தைப் படிக்கவே நேரம் காணாது" என்றார். "இதுவும் எங்கட சரித்திரம்தான் அண்ணை, எங்கட தீவில நடந்தது. கேள்வி வராட்டி நான் தைமாதம் வினாத்தாளே தரமாட்டன்" என்றேன். நாலாம் வகுப்பை எடுக்க வேறு ஆள் கிடையாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பெற்றோர் சார்பில் வந்திருந்த ஆரூரனின் தகப்பனுக்குப் பொறுக்கவில்லை. ஆபிரிக்காவுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். உங்கள் மூத்த மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில் கடைசியில் என்ன பாட்டுக்கு ஆடினீர்கள் என்று கேட்டேன். மண்டபமே பார்த்த ஆட்டம் அது, கால் சுளுக்கி மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. பைலா என்றார். அந்தத் தாளம் யார் கொண்டு வந்தது, எப்படிக் கொண்டு வரப்பட்டார்கள் என்பதுதான் கேள்வி என்றேன். தவராசா அண்ணை நாலாவது கோப்பையை ஊற்றியபடி, "சரி, தவணைத் தேர்வில போடுங்கோ" என்றார். ஆரூரனின் தகப்பன் எதிர்க்கவில்லை, ஆனால் முகம் வாடிப்போனது. "இனி ஆடேக்கையும் சரித்திரம் ஞாபகம் வருமே, ரீச்சர்" என்றார்.

வெட்டிய தலைப்பு

அபினா திரும்பி வந்தாள். அன்று நான் பழைய தலைப்பையே மறுபடி பலகையில் எழுதினேன். பிறகு சிவப்புச் சோக்கை எடுத்துக் குறுக்கே வெட்டினேன், பிள்ளைகளின் கொப்பியில் வெட்டுவதைப் போலவே. "இது நான் விட்ட பிழை. இது ஆக்களைக் கேவலப்படுத்துற சொல். எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை, ஆனா நான் வளர்ந்த மனிசி, யோசிச்சிருக்க வேணும்" என்று சொன்னேன். அபினாவைப் பார்த்து, "என்னை மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை" என்றேன். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். கீழே 'ஆபிரிக்க வம்சாவளி இலங்கையர்' என்று எழுதினேன். நீளம் கூடிவிட்டது என்று பின் வரிசை முணுமுணுத்தது. நீளமாகவே எழுதிப் பழகுங்கள் என்றேன்.

பிறகு பாடம். கப்பல் வந்தது, கோட்டை எழும்பியது, பைலாவை மேசையில் தட்டிக் காட்டினேன். கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. அவர்களுக்குத் திரும்பிப் போக விருப்பம் இருந்ததா என்று ஒருத்தி கேட்டாள். அவர்களுடைய உண்மையான பெயர்கள் என்ன என்று இன்னொருத்தி கேட்டாள். அதற்கு எனக்கும் பதில் தெரியவில்லை, தெரியாது என்றே சொன்னேன். இடைவேளையில் ஆரூரன் தானாகவே போய் வேறு விளையாட்டுக் கண்டுபிடித்தான், விதிமுறை இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கடைசியில், கொப்பியில் இருக்கும் பழைய தலைப்பை எல்லாரும் ஒரு கோடு போட்டு வெட்டுங்கள், தாளைக் கிழிக்க வேண்டாம் என்றேன். ஆரூரனுக்கு அது பிடிக்கவில்லை. அவன் கொப்பி எப்போதும் சுத்தம். "வெட்டினால் பிழை விட்டது தெரியுமே, ரீச்சர்" என்றான்.

லாங்கன்தால் பிறந்தநாள்

தைமாதத் தேர்வில் கடைசிக் கேள்வி அதுதான். ஆபிரிக்கர்களை இலங்கைக்குக் கொண்டு வந்தவர்கள் யார், எதற்காக, அந்த ஆபிரிக்கர்கள் எங்களுக்குத் தந்தவை எவை. பத்துப் புள்ளி. கீழே ஒரு குறிப்புப் போட்டேன்: கேவலப்படுத்தும் சொல்லைப் பாவித்தால் ஐந்து புள்ளி குறைக்கப்படும். தேர்வுக்கு முதல் கிழமை என் தொலைபேசி ஓயவில்லை. சரித்திரத்தை ஒருநாளும் கேட்டறியாத தாய்மார், ஒல்லாந்தருக்கு முதல் வந்தது யார், புத்தளத்தில் எந்த இடம் என்று என்னை விசாரித்தார்கள். ஆரூரனின் தகப்பன் இரண்டு தரம் எடுத்தார். அபினாவுக்கு ஒன்பது கிடைத்தது. ஒரு எழுத்துப் பிழைக்கு ஒன்று குறைத்தேன். அதில் பாசம் காட்ட மாட்டேன்.

மாசியில் ஒரு சனிக்கிழமை சுகந்தி வகுப்பு முடியும்வரை வெளியே நின்றாள். நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், அவளும் வந்து பிடித்தாள். போன ஞாயிறு லாங்கன்தாலில் அண்ணன் வீட்டில் பிறந்தநாளாம். இம்மானுவேலுக்கு வேலை, பஸ் ஓட்டப் போய்விட்டார். சாப்பாட்டு மேசையில் அண்ணன் வழமைபோல, அந்தச் சொல்லைச் சொல்லி, அவன் வரேல்லையோ என்று கேட்டிருக்கிறார். பன்னிரண்டு வருடமாக விழுங்கிய சுகந்தி அன்றும் விழுங்கத்தான் போனாளாம். அதற்குள் அபினா கரண்டியை வைத்துவிட்டு, "மாமா, அந்தச் சொல் பிழை. ரீச்சர் ஐஞ்சு புள்ளி வெட்டுவா" என்று சொல்லியிருக்கிறாள். மேசையில் இருந்த முழுச் சொந்தமும் கேட்டதாம்.

என் கையில் இருந்த கதிரையை நான் கீழே வைக்கவில்லை. "அண்ணை என்ன சொன்னவர்?" என்று கேட்டேன். அவர் கோபிக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லையாம். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாராம். சுகந்தி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தண்ணி எடுத்துக் குடிச்சவர், ரீச்சர். மறுகா பிள்ளையைப் பார்த்து, 'அப்ப உன்ரை அப்பாவை என்னெண்டு சொல்ல வேணும்?' எண்டு கேட்டவர். இவள், 'மச்சான் எண்டு சொல்லுங்கோ, அவர் உங்கட மச்சான்தானே' எண்டிட்டாள்."

ஆகவே, என் சக சனிக்கிழமைக்காரரே, எங்கள் சனத்துக்கு ஒன்றைப் படிப்பிக்க வேண்டுமென்றால் அது நியாயம் என்று நின்று தொண்டை கிழியக் கத்தாதீர்கள், பரீட்சைக்கு வரும் என்று மெல்லமாகச் சொல்லிவிட்டு நாற்காலிகளை ஒழுங்காக அடுக்குங்கள்.